உதவிப் பணியில் பெண்களின் பாதுகாப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பன்னாட்டு வளர்ச்சிப் பணி, நிவாரணப் பணி இரண்டிலும் பாலினச் சமத்துவம் பற்றிப் பேச்சு எழும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. துறைக்குப் புதிதாக வருபவர்கள், சிறிய தொண்டு நிறுவனம் நடத்துபவர்கள், நிதி கொடுப்பவர்கள் என்று மூன்று தரப்பின் கேள்விகளும் கலந்திருக்கின்றன. சிலவற்றுக்கு விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, சிலவற்றுக்கு நாலு வரி போதும்.

உதவி செய்யப் போகிறவர்களிடமிருந்தே பாதுகாப்பு வேண்டும் என்பது கொஞ்சம் அதிகப்படியாகத் தெரியவில்லையா?

இல்லை. போகிறவர்களின் மனசு நல்லதா கெட்டதா என்பது இரண்டாவது விஷயம். அவர்கள் கையில் என்ன இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரு முகாமில் ஆயிரக்கணக்கானோர் தங்கியிருக்கிறார்கள் என்று வையுங்கள். யாருக்கு மாவு, யாருக்குத் தார்ப்பாய், யார் பெயர் பட்டியலில் ஏறும், யாரை ‘அடுத்த தடவை வாங்க’ என்று திருப்பி அனுப்புவார்கள்? இதைத் தலைமையகத்தில் உட்கார்ந்திருக்கும் இயக்குநர் முடிவு செய்வதில்லை. பேனாவும் பட்டியலுமாக வரிசையின் முனையில் நிற்கிறாரே, அவர்தான் முடிவு செய்கிறார். அவரை யார் கண்காணிக்கிறார்கள், அவர் அநியாயம் செய்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்பதற்குப் பதில் இல்லாத இடத்தில், வரிசையில் தனியாக நிற்கும் பெண்ணின் நிலை என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

இது கற்பனை அல்ல. 2002இல் ஐ.நா. அகதிகள் அமைப்பும் சேவ் தி சில்ட்ரன் அமைப்பின் பிரிட்டன் பிரிவும் சேர்ந்து கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய நாடுகளின் அகதி முகாம்களில் விசாரித்தன. எண்ணெய், கோதுமை, தார்ப்பாய், மருந்து போன்றவற்றுக்கு ஈடாகச் சிறுமிகளிடம் உடலுறவு கேட்கப்பட்டது அப்போதுதான் வெளியே வந்தது. சுமார் 40 அமைப்புகளைச் சேர்ந்தவர்கள்மீது குற்றச்சாட்டு. பெரும்பாலும் அங்கேயே வேலைக்கு எடுக்கப்பட்ட, நிவாரணப் பொருளைக் கையில் வைத்திருந்த ஆண்கள். துறை இன்று வைத்திருக்கும் விதிகளில் பல அந்த அறிக்கையின் அதிர்ச்சியில் பிறந்தவை.

சுரண்டல், வன்கொடுமை, துன்புறுத்தல் என்று தனித்தனியாக ஏன் பிரிக்கிறார்கள்?

யாருக்கு நடந்தது, யார் விசாரிப்பது என்பது மாறுவதால். உதவி பெறும் மக்களுக்கு ஊழியர் செய்வது முதல் இரண்டில் வரும். உதவியையோ வேலையையோ காட்டிப் பணியவைத்தால் அது சுரண்டல். வற்புறுத்தியோ பலவந்தமாகவோ செய்தால், அல்லது எதிரில் இருப்பது குழந்தை என்றால், வன்கொடுமை. அலுவலகத்துக்குள் ஊழியருக்கு ஊழியர் செய்வது பெரும்பாலும் துன்புறுத்தல் என்ற தலைப்பில் போகும். பல நிறுவனங்களில் இவற்றுக்கு வெவ்வேறு படிவம், வெவ்வேறு அதிகாரி. என்னைக் கேட்டால் செய்பவர் பல சமயம் ஒரே ஆள்தான். கூட வேலை செய்யும் பெண்ணிடம் அத்துமீறுகிறவர் முகாமுக்குள் போனால் திருந்திவிடுவார் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. 2018க்குப் பிறகு நிதி கொடுக்கும் நாடுகள் மூன்றையும் சேர்த்தே பேசத் தொடங்கியது நல்ல மாற்றம். பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி.யின் வளர்ச்சி உதவிக் குழு 2019 ஜூலையில் ஏற்ற பரிந்துரை அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

இரண்டு பேரும் வயது வந்தவர்கள், இருவருக்கும் சம்மதம். நிறுவனத்துக்கு அதில் என்ன வேலை?

பயிற்சி வகுப்புகளில் கடைசி வரிசையிலிருந்து தவறாமல் வரும் கேள்வி. ஐ.நா. பொதுச்செயலர் கோஃபி அன்னான் 2003இல் வெளியிட்ட சிறப்பு விதிகள் இதற்குப் பதில் வைத்திருக்கின்றன. 18 வயதுக்குக் கீழே உள்ளவருடன் பாலுறவு கூடாது. அந்த நாட்டுச் சட்டம் எந்த வயதைச் சொன்னாலும் சரி, ‘வயது தெரியாது’ என்று சொல்லித் தப்பவும் முடியாது. பணம், வேலை, பொருள், சேவை எதையும் பாலுறவுக்கு ஈடாகத் தரக்கூடாது. தருகிறேன் என்று சொல்லவும் கூடாது. அந்த மக்களுக்கு ஏற்கெனவே உரிமையுள்ள உதவியும் இதில் அடக்கம்.

வயது வந்த பயனாளியுடனான உறவை அந்த விதிகள் ‘கடுமையாகத் தவிர்க்க வேண்டியது’ என்று மட்டும் சொல்லின. மனிதநேயப் பணி அமைப்புகளின் கூட்டுக்குழு 2019இல் தன் ஆறு அடிப்படைக் கொள்கைகளைத் திருத்தியபோது, பதவியைத் தவறாகப் பயன்படுத்தும் எந்த உறவும் தடை என்று அதை இறுக்கியது.

சம்மதத்துக்கு அர்த்தம் இருக்க வேண்டுமானால் மறுப்பதற்கு வழி இருக்க வேண்டும். அடுத்த வாரம் தன் பிள்ளைக்குச் சாப்பாடு கிடைக்குமா என்பதை முடிவு செய்கிற ஒருவரிடம் ‘முடியாது’ என்று சொல்ல அந்தப் பெண்ணால் முடியுமா? முடியும் என்று உறுதியாகச் சொல்ல முடியாத வரைக்கும் அந்த உறவில் நிறுவனத்துக்கு வேலை இருக்கிறது.

இத்தனை விதிகள் இருந்தும் ஹைட்டியும் காங்கோவும் எப்படி நடந்தன?

இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பது நல்லது, கோளாறு வெவ்வேறு இடத்தில்.

ஹைட்டியில் 2010இல் நிலநடுக்கம். அங்கே பணியாற்றிய, ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு நிறுவனத்தின் பிரிட்டன் பிரிவு ஊழியர்கள் சிலர்மீது, நிறுவனம் கொடுத்த வீட்டிலேயே பணம் கொடுத்துப் பாலுறவு கொண்டது உள்ளிட்ட புகார்கள் எழ, 2011இல் உள்விசாரணை நடந்தது. நான்கு பேர் நீக்கப்பட்டார்கள். அந்நாட்டுத் திட்டத்தின் தலைவர் உட்பட மூன்று பேர் ராஜினாமா செய்து போனார்கள். விவகாரம் முழுதாக வெளியே வந்தது 2018 பிப்ரவரியில், பத்திரிகை வழியாக. இடையில் அந்த முன்னாள் தலைவர் வேறொரு அமைப்பில், வேறொரு நாட்டில் பதவிக்குப் போய்விட்டார். பிரிட்டனின் அறக்கட்டளை ஆணையம் 2019இல் ஆக்ஸ்ஃபாமுக்கு அதிகாரபூர்வ எச்சரிக்கை கொடுத்தது. விசாரணையே நடக்கவில்லை என்று இங்கே சொல்ல முடியாது. நடந்தது. ஆனால் நிறுவனத்தின் பெயரைக் காப்பாற்றும் அளவுக்கு மட்டும் நடந்தது.

காங்கோ ஜனநாயகக் குடியரசின் கதை வேறு. 2018 முதல் 2020 வரை அந்நாட்டின் கிழக்கே எபோலா. திடீரென்று ஏராளமான பணம், வாகனம், தற்காலிக வேலை வந்து இறங்கியது. சமையல், துப்புரவு, தொடர்பறிதல் (நோயாளியோடு பழகியவர்களைத் தேடிக் கண்டறிவது) என்று வேலைக்கு ஆள் எடுத்த ஆண்கள் சிலர், வேலை வேண்டுமானால் உடலுறவு என்றார்கள். வேலை கிடைத்த பிறகு, அது நீடிக்க வேண்டுமானால் மறுபடியும் என்றார்கள். உலக சுகாதார நிறுவனம் அமைத்த சுதந்திர ஆணையம் 2021 செப்டம்பரில் கொடுத்த அறிக்கையில் 83 பேர்மீது குற்றச்சாட்டு. அவர்களில் 21 பேர் உலக சுகாதார நிறுவனத்துக்காக வேலை பார்த்தவர்கள். கொள்கை ஆவணமெல்லாம் அந்த நிறுவனத்திடம் ஏற்கெனவே இருந்தது. இரண்டு நாளில் ஆள் எடுக்க வேண்டும் என்ற அவசரத்தில், யார் யாரை எதன் அடிப்படையில் எடுக்கிறார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. ஆள் எடுப்பது ஒரே ஒருவர் கையில் இருந்தால் அதுவே ஆபத்து. இந்த ஒரு பாடத்துக்காகவே அந்த அறிக்கையைப் படிக்கலாம்.

நீக்கப்பட்டவர் இன்னொரு அமைப்பில் சேர்வதைத் தடுக்க முடியாதா?

இப்போது ஓரளவு முடியும். முன்பெல்லாம் எப்படி என்றால், பழைய நிறுவனத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டால், ‘இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை இந்தப் பதவியில் இருந்தார்’ என்ற ஒற்றை வரிதான் வரும். வழக்குக்குப் பயந்து மேலே ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். கேட்பவரும் அந்த வரியைக் கோப்பில் வைத்துவிட்டு வேலையைக் கொடுத்துவிடுவார்.

2019 தொடக்கத்தில் வந்த தவறான நடத்தை வெளிப்படுத்தல் திட்டத்தில் சேர்ந்த அமைப்புகள், வேலைக்கு விண்ணப்பித்தவர் கடந்த ஐந்து ஆண்டுகளில் வேலை செய்த இடங்களில் ஒரே மாதிரியான கேள்வியைக் கேட்கின்றன: பாலியல் சுரண்டல், வன்கொடுமை, துன்புறுத்தல் ஆகியவற்றில் இவர்மீது குற்றம் நிரூபணமானதா, விசாரணை நிலுவையில் இருந்ததா? ஐ.நா. அமைப்புகள் இப்படிப்பட்டவர்களின் விவரத்தைத் தங்களுக்குள் பகிர கிளியர்செக் என்ற தரவுத்தளத்தை 2018 முதல் வைத்திருக்கின்றன.

ஓட்டைகளும் இல்லாமல் இல்லை. திட்டத்தில் சேராத நிறுவனங்கள் ஏராளம். மேலதிகாரிகளைச் சலிக்கும் சல்லடையில் ஓட்டுநர், காவலர், மூன்று மாத ஒப்பந்தத்தில் வந்தவர் எல்லாம் விழுவதே இல்லை.

ஐ.நா. ஆட்களை எந்த நாட்டுச் சட்டமும் தொட முடியாதாமே?

பாதி உண்மை. 1946ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஐ.நா. அலுவலர்களுக்குப் பாதுகாப்பு உண்டு, ஆனால் அது பணி நிமித்தம் செய்த செயல்களுக்கு. நீதிக்குக் குறுக்கே நின்றால் பொதுச்செயலர் அதை விலக்கலாம், விலக்கவும் வேண்டும். பாலியல் வன்கொடுமையை ‘பணி நிமித்தம்’ என்று யாரும் வாதாட முடியாது.

உண்மையான சிக்கல் அமைதிப்படை வீரர்களிடம். அவர்கள்மீது வழக்குத் தொடுக்கும் அதிகாரம் அவர்களை அனுப்பிய நாட்டுக்கு மட்டுமே. தப்பு நடந்தது ஒரு கண்டத்தில், நீதிமன்றம் இன்னொரு கண்டத்தில், சாட்சி சொல்லவேண்டிய பெண்ணுக்குக் கடவுச்சீட்டுகூட இருக்காது. பாதுகாப்புச் சபை 2016 மார்ச்சில் நிறைவேற்றிய 2272ஆம் தீர்மானம், புகார் தொடர்ந்து வரும் படைப்பிரிவை மொத்தமாகத் திருப்பி அனுப்பலாம் என்கிறது. திருப்பி அனுப்பினால் ஆபத்து விலகும், சரி. பிள்ளையோடு நிற்கிற பெண்ணுக்கு ஜீவனாம்சம் யார் தருவது? 2017இல் பாதிக்கப்பட்டோர் உரிமைக்காகக் குரல்கொடுக்கவென்று ஒரு பதவியை ஐ.நா. உருவாக்கியது இந்த மாதிரிக் கேள்விகளைத் துரத்துவதற்காகத்தான். அந்தப் பதவிக்குக் கொடுத்திருக்கும் அதிகாரம் போதாது என்பது என் கருத்து.

சொல்கிறவரின் கதி என்ன என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் வெளிநாட்டுப் படையினர் சிறுவர்களிடம் நடந்துகொண்ட விதம் பற்றிய ஐ.நா.வின் உள் அறிக்கையை பிரெஞ்சு அதிகாரிகளிடம் கொடுத்தவர் ஆண்டர்ஸ் கொம்பாஸ் என்ற மூத்த அதிகாரி. 2015இல் அவரைத்தான் இடைநீக்கம் செய்தார்கள். பிறகு குற்றமில்லை என்று தீர்ப்பானது; 2016இல் அவராகவே விலகிப் போய்விட்டார். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு கீழ்நிலை ஊழியர் என்ன முடிவுக்கு வருவார்?

புகார்ப் பெட்டி வைத்திருக்கிறோம், இலவசத் தொலைபேசி எண்ணும் ஒட்டியிருக்கிறோம். போதாதா?

பெட்டி எங்கே இருக்கிறது என்று முதலில் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் அலுவலக வாசலில், காவலர் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்குப் பக்கத்தில் தொங்கும். அதில் ஒரு பெண் சீட்டுப் போடுவதை நாலு பேர் பார்ப்பார்கள். சாயங்காலத்துக்குள் செய்தி முகாம் முழுக்கப் போய்விடும். சாவி யாரிடம் என்று கேளுங்கள். கிளை மேலாளரிடம் என்பார்கள். புகார் அவர்மீதே இருந்தால்? எழுதத் தெரியாதவர் என்ன செய்வார்? தொலைபேசி எண் இருக்கிறது, ஆனால் வீட்டில் இருக்கும் ஒரே கைப்பேசி கணவர் சட்டைப்பையில். கூப்பிட்டாலும் எதிர்முனையில் பேசுகிறவருக்கு அவள் மொழி தெரியுமா?

வேலை செய்கிற வழிகள் கொஞ்சம் சாதாரணமாகத்தான் இருக்கும். பெண்கள் வேறு காரியத்துக்கு எப்படியும் வந்துபோகும் இடம், உதாரணமாகத் தாய்சேய் மருத்துவ அறை அல்லது பெண்கள் கூடும் கொட்டகை. அங்கே பல மாதங்களாக ஒரே முகமாக இருக்கும் ஒரு பெண் ஊழியர். ‘இந்த உதவி இலவசம், யாரும் எதுவும் கேட்கக்கூடாது, கேட்டால் என்னிடம் சொல்லுங்கள்’ என்று விநியோகம் நடக்கும்போதெல்லாம் ஒலிபெருக்கியில் அவர்கள் மொழியிலேயே சொல்வது. இது இலவசம் என்பதே பலருக்குத் தெரியாது. எந்த வழியில் புகார் சொல்ல வசதி என்று அந்தப் பெண்களிடமே கேட்டுவிட்டு ஏற்பாடு செய்தால் பாதி வேலை முடிந்தது. பெட்டியை வாங்கி மாட்டிவிட்டுக் கேட்பதுதான் வழக்கமாக இருக்கிறது.

எங்களிடம் ஒரு புகாரும் வந்ததில்லை. அப்படியென்றால் நன்றாகத்தானே நடக்கிறது?

ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை செய்யும் நிறுவனத்தில் ஆண்டுக்கணக்காகப் பூஜ்யம் என்றால் நான் சந்தேகப்படுவேன். வழியைச் சரிசெய்ததும் முதல் ஒன்றிரண்டு ஆண்டுகளில் புகார் கூடத்தான் செய்யும். அதைப் பார்த்து நிதியை நிறுத்துகிற நிதியளிப்பாளர், அடுத்த முறை பூஜ்யத்தையே கேட்டு வாங்குகிறார்.

ஒரு பெண் வந்து சொல்லிவிட்டார். அன்றைக்கே என்ன செய்ய வேண்டும்?

முதலில் மருத்துவம். நேரம் இங்கே மிக முக்கியம். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அவசரக் கருத்தடை மாத்திரைக்கு 120 மணி நேரம்வரை பலன் உண்டு. பக்கத்தில் எந்த மருத்துவமனையில் இவை இருக்கின்றன, அங்கே போலீஸ் அறிக்கை இல்லாமல் சிகிச்சை தருவார்களா என்பதை அன்றைக்குத் தேட ஆரம்பித்தால் காரியம் கெட்டுவிடும். திட்டம் தொடங்கும் வாரத்திலேயே கேட்டு எழுதி வைத்திருக்க வேண்டும்.

அப்புறம் துருவிக் கேட்காதீர்கள். என்ன உடை, ஏன் அங்கே போனாய், அவனை முன்பே தெரியுமா போன்ற எதுவும் உங்களுக்குத் தேவையில்லை. நீங்கள் விசாரணை அதிகாரி இல்லை. இங்கே ஒருவர், மேலாளரிடம் ஒருவர், மருத்துவமனையில் ஒருவர், போலீசில் ஒருவர் என்று ஒரே கதையை நான்கு முறை சொல்லவைப்பது அந்தப் பெண்ணை நொறுக்கிவிடும். கேளுங்கள், நம்புங்கள், என்னென்ன வழி இருக்கிறது என்று சொல்லுங்கள். எதில் போவது என்பது அவருடைய முடிவு.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. குற்றம் செய்தவர் உதவிப் பணியாளர் என்றால், தெரிந்த ஊழியர் மேலே தெரிவித்தே ஆகவேண்டும் என்று விதிகள் சொல்கின்றன. அந்தப் பெண்ணோ ‘யாரிடமும் சொல்லாதீங்க’ என்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சலாம். இதற்கு முழுத் தீர்வு யாரும் கண்டுபிடிக்கவில்லை. செய்யக்கூடியது ஒன்று உண்டு: அவர் பேசத் தொடங்கும் முன்பே, ‘செய்தவர் எங்கள் ஆள் என்றால் நான் இன்னாரிடம் சொல்லவேண்டிவரும், உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை’ என்று சொல்லிவிடுவது. அதைக் கேட்டுவிட்டு அவர் பேசலாம், பேசாமலும் போகலாம். காப்பாற்ற முடியாத ரகசியத்துக்கு வாக்குக் கொடுத்து, பிறகு மீறுவது இதைவிட மோசம்.

கழிப்பறையும் விளக்கும் பாலினச் சமத்துவமா? இதெல்லாம் பொறியாளர் வேலை இல்லையா?

பொறியாளர் வேலைதான். அதனால்தான் அவரிடம் பேச வேண்டும். நிவாரணப் பணிக்கான ஸ்ஃபியர் தரநிலைகள் பொதுக் கழிப்பறை குறைந்தது 20 பேருக்கு ஒன்று என்கின்றன. பெண்களுக்கு மூன்று என்றால் ஆண்களுக்கு ஒன்று. உள்பக்கம் தாழ்ப்பாள், போதிய வெளிச்சம், தண்ணீர்க் குழாய் 500 மீட்டருக்குள். இவை வசதி என்று தோன்றும். இருட்டில் போய்வர வேண்டியவர்களுக்கு இவைதான் பாதுகாப்பு.

தாழ்ப்பாளையே எடுத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் இருக்கும். ஒப்பந்ததாரர் மெல்லிய கம்பியில் ஒன்றை மாட்டிவிட்டுப் போயிருப்பார், ஒரு மாதத்தில் கழன்றுவிடும். கதவு தார்ப்பாய் என்றால் தாழ்ப்பாள் இருந்தும் பயனில்லை, கத்தியால் கிழித்தால் போதும். பெண்கள் ராத்திரி போகவேண்டியிராதபடி சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். ‘கழிப்பறை பயன்பாடு குறைவு’ என்று அறிக்கையில் வரும். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். விளக்கும் அப்படித்தான். விளக்கடியில் ஆண்கள் கூடி உட்கார்ந்து பேச ஆரம்பித்தால், அந்த வழியே போகப் பெண்கள் தயங்குவார்கள். எங்கே நடுவது என்று அவர்களோடு இருட்டில் ஒருமுறை நடந்துபார்த்து முடிவு செய்ய வேண்டும்.

சூடானின் டார்ஃபூர் முகாம்களில் விறகு பொறுக்க வெளியே போன பெண்கள் வழியில் தாக்கப்பட்டார்கள். உணவு தானியம் கொடுத்தாகிவிட்டது, அதைச் சமைக்க எரிபொருள் எங்கிருந்து வரும் என்பதை யாரும் யோசிக்காததன் விளைவு அது.

பெண்கள் கையில் பணமோ கடனோ கொடுத்தால் வீட்டில் அடி கூடும் என்கிறார்களே?

சில இடங்களில் கூடியிருக்கிறது, பயம் நியாயமானது. முகாமையும் ஊழியரையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தாலும், பெண்களுக்கு நடக்கும் வன்முறையில் பெரும்பகுதி வீட்டுக்குள் என்பதை மறந்துவிடக்கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி ஏறத்தாழ மூன்றில் ஒரு பெண் தன் வாழ்நாளில் துணைவரின் உடல் அல்லது பாலியல் வன்முறையையோ, மற்றவரின் பாலியல் வன்முறையையோ அனுபவித்திருக்கிறார்.

தென்னாப்பிரிக்காவின் கிராமப் பகுதியில் நடந்த இமேஜ் என்ற ஆய்வு இதில் முக்கியமானது. சிறுகடன் கொடுத்ததோடு, கடன் கூட்டங்களிலேயே பாலினம், எச்.ஐ.வி. பற்றிய பயிற்சியும் சேர்த்தார்கள். துணைவரின் வன்முறை சுமார் 55% குறைந்ததாக 2006இல் முடிவு வந்தது. உகாண்டாவின் கம்பாலாவில் நடந்த சாசா என்ற முயற்சி பணத்தைத் தொடவே இல்லை. ஆண்கள், போலீஸ், மதத் தலைவர்கள், அக்கம்பக்கத்தார் எல்லோரிடமும் ஆண்டுக்கணக்கில் பேச்சு. அங்கே உடல்ரீதியான வன்முறை 52% குறைவு என்று 2014இல் வெளியானது. ஆய்வு நடந்த பகுதிகள் சிலவே என்பதால் அந்த எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ள முடியாது, ஆனால் போக்கு தெளிவு. பணம் மட்டும் கொடுத்துவிட்டு நகர்வதற்கும், பணம் வந்தபின் வீட்டில் என்ன நடக்கிறது என்று கூடவே இருந்து பார்ப்பதற்கும் வித்தியாசம் பெரியது.

‘பாலினச் சமத்துவத் திட்டம்’ என்று ஆவணத்தில் போட்டிருந்தால் நம்பலாமா?

எண்ணைப் பாருங்கள். ஓ.இ.சி.டி. முறையில் ஒவ்வொரு உதவித் திட்டத்துக்கும் 0, 1, 2 என்று குறி போடுவார்கள். சமத்துவமே முதன்மை நோக்கம் என்றால் 2, முக்கியமான நோக்கங்களில் அதுவும் ஒன்று என்றால் 1, இல்லையென்றால் 0. 2020–21 கணக்கில், நாடுகள் நேரடியாகத் தரும் உதவியில் 44% ஏதோ ஒரு சமத்துவ நோக்கம் கொண்டது. முதன்மை நோக்கமாகக் கொண்டது 4% மட்டுமே. நடுவில் இருக்கும் நாற்பதில் நல்ல வேலையும் உண்டு, விண்ணப்பத்தின் கடைசி நாளில் ஒரு பத்தி சேர்த்து வாங்கிய குறியும் உண்டு. வரவுசெலவுப் பட்டியலில் அந்தப் பத்திக்கு நேரே பணம் இருக்கிறதா என்று பார்த்தால் எது எதுவென்று தெரிந்துவிடும்.

சாலை, அணை கட்டும் திட்டங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

உகாண்டாவைப் பாருங்கள். காம்வெங்கே–ஃபோர்ட் போர்ட்டல் சாலைப் பணியில், வெளியூரிலிருந்து வந்து தங்கிய கட்டுமானத் தொழிலாளர்கள் அங்கிருந்த பள்ளிச் சிறுமிகளைச் சீரழித்தார்கள். சமூகத்திலிருந்து வந்த புகார்களுக்குப் பிறகு, 2015 டிசம்பரில் உலக வங்கி 26.5 கோடி டாலர் திட்டத்தையே ரத்து செய்தது. ஒரு சின்னக் கிராமத்துக்குக் கையில் காசோடு நூற்றுக்கணக்கான ஆண்கள் வந்து சேர்கிறார்கள். என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரியாமல் போக வாய்ப்பில்லை. மதிப்பீட்டில் மண்ணும் மரமும் இருந்தன, சிறுமிகள் இல்லை.

ரத்து செய்தது தண்டனையாகத் தோன்றும், ஆனால் சாலை பாதியில் நின்றால் கர்ப்பமான பெண்ணுக்கு அதனால் ஒன்றும் கிடைப்பதில்லை. அதன்பிறகு வங்கி விதிகளை மாற்றியது. 2021 முதல், பாலியல் சுரண்டலைத் தடுக்கும் கடமையை மீறும் ஒப்பந்ததாரரை இரண்டு ஆண்டுகள் தன் திட்டங்களிலிருந்து விலக்கிவைக்கலாம். லாபத்தில் கைவைக்கும் விதி என்பதால் இதற்கு மற்றவற்றைவிடப் பல் அதிகம் என்று நினைக்கிறேன்.

பெண் ஊழியர்களின் பாதுகாப்பு? ஆபத்தான இடத்துக்கு அவர்களை அனுப்பாமல் இருப்பதுதானே நல்லது?

நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் ஆலோசனைகளில் அதிகக் கெடுதல் செய்வது இதுதான். களத்துக்குப் போகாத பெண்ணுக்குக் கள அனுபவம் சேராது. கள அனுபவம் இல்லாமல் பதவி உயர்வு இல்லை. மேலே பெண்கள் இல்லாத நிறுவனத்தில் புகார் சொல்ல ஆளில்லை. அதோடு, அந்நிய ஆணிடம் பேசாத பெண்கள் இருக்கும் சமூகத்தில், பெண் ஊழியர் இல்லை என்றால் பாதி மக்களுக்கு உதவியே போய்ச் சேராது. 2022 டிசம்பரில் ஆப்கானிஸ்தானில் தாலிபான், தொண்டு நிறுவனங்களில் ஆப்கன் பெண்கள் வேலை செய்யத் தடை போட்டபோது பல அமைப்புகள் பணியை நிறுத்திவைத்தது இதனால்தான். 2023 ஏப்ரலில் தடை ஐ.நா. அலுவலகங்களுக்கும் நீண்டது.

ஆபத்து உண்மை என்பதை மறுக்கவில்லை. தெற்கு சூடானின் ஜூபாவில் 2016 ஜூலையில் அரசுப் படையினர் டெரெய்ன் விடுதிக்குள் புகுந்து உதவிப் பணியாளர்களை வன்புணர்ந்தார்கள், உள்ளூர்ப் பத்திரிகையாளர் ஒருவரைக் கொன்றார்கள். உள்ளே இருந்தவர்கள் உதவி கேட்டுச் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அருகிலேயே இருந்த ஐ.நா. படைத்தளத்திலிருந்து யாரும் வரவில்லை. 2018இல் ராணுவ நீதிமன்றம் படையினர் பத்துப் பேரைத் தண்டித்தது.

ஆனால் பாதுகாப்புப் பயிற்சிகள் இப்படிப்பட்ட வெளி ஆபத்தை மட்டுமே பேசுகின்றன. சோதனைச்சாவடியில் எப்படிப் பேசுவது என்று சொல்லித்தருவார்கள். விருந்தினர் இல்லத்தில் பக்கத்து அறைக்காரர் ராத்திரி கதவைத் தட்டினால் என்ன செய்வது என்று சொல்லித்தர மாட்டார்கள். அறைக்கதவுக்கு உள்பூட்டு, பெண் ஊழியர் தனியாக நீண்டதூரம் போகும்போது யார் ஓட்டுநர் என்பதில் அவருக்கும் சொல், மேலதிகாரியைத் தாண்டிப் புகார் சொல்ல ஒரு வழி ஆகியவை பெரிய செலவில்லாதவை. வேலையில் நடக்கும் வன்முறை, துன்புறுத்தலுக்கு எதிரான, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190ஆம் உடன்படிக்கை 2021 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. வேலைக்கான பயணம், முதலாளி தரும் தங்குமிடம் இரண்டையும் பணியிடமாகவே கருதுகிறது. பயிற்சியாளர், தன்னார்வலர், வேலை தேடி வந்தவர் ஆகியோரும் அதில் அடக்கம்.

நிலைமை முற்றினால் வெளிநாட்டு ஊழியருக்கு விமானம் வரும். உள்ளூர்ப் பெண் ஊழியர் அங்கேயே இருப்பார், அதே ஆட்களின் நடுவில்.

ஆண்களை எதிரிகளாக்குவதாக ஆகாதா?

ஆண்களும் சிறுவர்களும் பாதிக்கப்படுகிறார்கள். மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் அந்தப் புகார்கள் சிறுவர்களுடையவை. அவர்கள் வெளியே சொல்வது இன்னும் கடினம். கம்பாலாவில் பலன் கிடைத்ததும் ஆண்களோடு பேசியதால்தான்.

2025இல் நிதி குறைந்த பிறகு என்ன ஆகிறது?

அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை 2025 ஜனவரியில் நிறுத்திவைத்தது, அந்நாட்டு அரசின் உதவி நிறுவனமான யு.எஸ்.எய்ட் ஜூலையோடு தனி நிறுவனமாக இயங்குவதை நிறுத்தியது. ஐரோப்பிய நாடுகள் சிலவும் வெட்டின. வெட்டு வரும்போது முதலில் போவது ஆலோசகர், பெண்கள் மையம், புகார் அதிகாரி. உணவு விநியோகம் கடைசிவரை நிற்கும், நிற்கவும் வேண்டும். ஆனால் பொருள் குறையக் குறைய, பட்டியலைக் கையில் வைத்திருப்பவரின் அதிகாரம் கூடும். கண்காணிப்பவரை நீக்கிவிட்டு விநியோகத்தை மட்டும் நடத்துவது 2002ஆம் ஆண்டுக்கே திரும்பிப் போவது.

சின்ன நிறுவனம், பத்துப் பேர்தான். இதற்கெல்லாம் பணமில்லை. எங்கிருந்து தொடங்குவது?

முப்பது பக்கக் கொள்கையை இணையத்திலிருந்து இறக்கிப் பெயர் மாற்றி வைத்துக்கொள்ள வேண்டாம். முதலில் பட்டியலும் ஆள் எடுப்பதும் ஒருவர் கையில் இல்லாதபடி பாருங்கள். இரண்டு பேர், அதில் ஒருவர் பெண். அடுத்து, இயக்குநர்மீதே புகார் வந்தால் யாரிடம் போவது என்று நிர்வாகக் குழுவில் ஒருவரைப் பெயர் சொல்லிக் குறியுங்கள், அவர் எண்ணை ஓட்டுநர், துப்புரவுப் பணியாளர் உட்பட எல்லோருக்கும் கொடுங்கள். புதிதாக யாரை எடுத்தாலும் முந்தைய இடத்தில் நடத்தை பற்றி நேரடியாகக் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். பக்கத்து மருத்துவமனைக்கு ஒருநாள் நேரில் போய் 72 மணி நேர மருந்து இருப்பில் இருக்கிறதா, இரவிலும் கொடுப்பார்களா, யாரைக் கேட்க வேண்டும் என்று விசாரித்து, அந்தப் பெயரையும் எண்ணையும் அலுவலகச் சுவரில் ஒட்டிவையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பாருங்கள், ஆள் மாறியிருக்கும்.